தர்மம் சரி, கரண்ட் பில் யார் கணக்கில்?

வீட்டுக் கம்ப்யூட்டரை விஞ்ஞான ஆராய்ச்சிக்கு இரவல் கொடுக்கும் ஆசை கல்லூரிப் பிள்ளைகளிடம் மறுபடியும் தலைகாட்டுகிறது. மதுரை சிம்மக்கல் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பதால் இந்தப் பேச்சு அடிக்கடி என் மேசைக்கு வரும். நல்ல காரியம். நானும் செய்கிறவன்தான். ஆனால், "சும்மா கிடப்பதைத்தானே கொடுக்கிறோம், ஒரு பைசா செலவில்லை" என்று சொல்லி ஆள் சேர்க்கிறார்களே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. செலவு உண்டு. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து அதைக் குறித்துக்கொண்டு போகிறது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆராய்ச்சிக்கூடத்தில் முடிக்க முடியாத மிகப் பெரிய கணக்கைத் துண்டு துண்டாக வெட்டி இணையம் வழியாக அனுப்புவார்கள். நம் கம்ப்யூட்டர் தன் பங்கைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். 1999 மே மாதம் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய செட்டி அட் ஹோம் என்ற திட்டம்தான் இதை ஊரறியச் செய்தது. அரசிபோ ரேடியோ தொலைநோக்கி பதிவுசெய்த இரைச்சலுக்குள் வேற்றுலகத்தாரின் சைகை ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று தேடும் வேலை. நாம் எழுந்து டீ குடிக்கப் போனால் அது ஸ்கிரீன் சேவராக ஓடத் தொடங்கும். 2020 மார்ச் 31-உடன் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். வேற்றுலகத்தார் யாரும் அகப்படவில்லை, அது வேறு கதை.

அந்தக் காலத்தில் "செலவில்லை" என்றதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அன்றைய கம்ப்யூட்டர் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரம் குடித்தது. இன்றைய பிராசஸர் அப்படியில்லை. வேலை இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அடங்கிவிடும். கடையில் பிளக்கில் செருகி வாட் பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். சாதாரண மேசைக் கம்ப்யூட்டரை மாட்டினால், வேலை இல்லாதபோது 30 வாட்டை ஒட்டி நிற்கும். ஆராய்ச்சிக் கணக்கைக் கொடுத்தவுடன் 90-க்கு ஏறும், ஃபேன் இரையத் தொடங்கும், பெட்டியின் பின்புறம் கை வைத்தால் அனல் அடிக்கும். ஏறிய அந்த 60 வாட்டுதான் நாம் கொடுக்கும் தானம். நாளுக்கு 10 மணி நேரம் ஓடினால் ஒரு பில்லுக்கு 36 யூனிட். கேம் ஆட வாங்கிய கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்து 200 வாட் கூடினால் 120 யூனிட். வீட்டுக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும்பங்கை அது ஒன்றே தின்றுவிடும். ஏ.சி. ஓடி ஏற்கெனவே 500 யூனிட் எல்லையில் நிற்கிற வீடு என்றால், அந்தப் பக்கம் இருக்கும் விலைப் பட்டியலே வேறு.

"இவ்வளவு கணக்குப் பார்க்கிற நீங்கள் எதற்குச் செய்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கணக்கின் அந்தப் பக்கத்தையும் பார்ப்பதால்தான்.

நான் ஓட்டுவது ஃபோல்டிங் அட் ஹோம். 2000-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கியது. உடம்பில் இருக்கும் புரதங்கள் எப்படி மடிகின்றன, எப்படி அசைகின்றன என்று பார்க்கும் வேலை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் வளையலாம், எதில் வளையவே முடியாது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களும் 1963-இலேயே வரைந்து காட்டிவிட்டார்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்த யாரைக் கேட்டாலும் அந்த வரைபடத்தைச் சொல்வார்கள். ஆனால் அனுமதிக்கப்பட்ட வழிகளில் எதை, எந்த வரிசையில் அந்தச் சங்கிலி எடுக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒவ்வோர் அணுவையும் அடி அடியாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஓர் அடி என்பது ஒரு நொடியைப் பத்துக் கோடி கோடிப் பங்காக்கி அதில் இரண்டு பங்கு. அப்படி 50 கோடி அடி வைத்தால்தான் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பார்த்து முடிக்கலாம்.

கொரோனா பரவிய 2020-இல் உலகம் முழுக்க மக்கள் இதில் வந்து குவிந்தார்கள். எல்லார் வீட்டுப் பெட்டிகளும் சேர்ந்து, நொடிக்கு 1-க்குப் பின்னால் 18 சுழியம் போட்ட அளவு கணக்குகளைத் தாண்டின. அப்போது உலகின் முதலிடத்தில் இருந்த சம்மிட் சூப்பர் கம்ப்யூட்டர் பின்னுக்குப் போயிற்று. பத்து லட்சம் பேருக்கு மேல் கூடி, கொரோனா வைரஸ் புரதங்களின் அசைவில் பார்த்து முடித்தது மொத்தம் எவ்வளவு தெரியுமா? ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. அதற்குள்தான் வைரஸின் முள் புரதம் வாய் திறந்து மூடுவதும், மருந்து போய் ஒட்டக்கூடிய மறைவான குழிகள் தோன்றி மறைவதும் தெரியவந்தன. விடைகளைப் பூட்டி வைக்காமல் பொதுவில் போட்டுவிட்டார்கள். என் 36 யூனிட் அங்கே போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனிமேல் இதெல்லாம் எதற்கு என்று ஒரு பேராசிரியரே கேட்டார். ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மென்பொருள் புரதத்தின் மடிந்த உருவத்தை அபாரமாகச் சொல்கிறது. 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் அதற்குப் பங்கு கிடைத்தது நியாயம்தான். ஆனால் அது தருவது பெரும்பாலும் நிற்கிற படம். அசைவைப் பார்க்க இன்னும் இந்த மாதிரி உழைப்பு வேண்டியிருக்கிறது. அதே ஆண்டு பரிசில் பாதியைப் பெற்ற டேவிட் பேக்கரின் ஆய்வகமும் ரொசெட்டா அட் ஹோம் என்று நம்மைப் போன்றவர்களிடம் பல வருடங்களாகக் கணக்குப் போடக் கம்ப்யூட்டரை இரவல் வாங்கியதுதான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். திருப்பரங்குன்றம் பக்கத்துக் கல்லூரி மாணவன் ஒருவன் ரேம் மாற்ற வந்தான். "அண்ணே, எங்கள் லேபில் நாற்பது சிஸ்டம் இருக்கிறது. ராத்திரி முழுக்க ஓடவிட்டால் எங்கள் டீம் பட்டியலில் எங்கேயோ போய்விடும்" என்றான். துறைத் தலைவரிடம் கேட்டாயா என்றேன். "அவருக்கு எதற்கண்ணே தெரிய வேண்டும்?" என்றான்.

கோயில் டியூப் லைட்டில் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு "உபயம்" என்று பெயர் எழுதியிருப்பார்களே, அதுதான் இது. லைட் வாங்கிக் கொடுத்தவர் பெயர் பளிச்சென்று தெரியும். அது எரிவதற்கு வருடக்கணக்கில் பணம் கட்டுவது கோயில். இந்தத் திட்டங்களில் முடித்த வேலைக்குப் புள்ளிகள் கொடுத்துப் பெயர்ப் பட்டியல் போடுகிறார்கள். அந்தப் புள்ளி மோகம் பொல்லாதது. ராத்திரியில் அணைந்து கிடக்க வேண்டிய நாற்பது பெட்டிகள் 12 மணி நேரம் ஓடினால் 43 யூனிட், ஒரே இரவில். புள்ளி மாணவனுக்கு, பில் கல்லூரிக்கு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் நிர்வாகி, அனுமதி வாங்காமல் இப்படி ஒரு மென்பொருளைப் போட்டுவிட்டு கிரிமினல் வழக்கில் மாட்டினார். 2002-இல் அபராதமும் கண்காணிப்புமாகத்தான் தப்பினார். வழக்கு அதிகப்படி என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்தவர் பணத்தில் தர்மம் செய்யக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வாரம் ஒருவராவது "சிஸ்டம் இழுக்கிறது, ஃபேன் அலறுகிறது" என்று கொண்டுவருகிறார்கள். திறந்து பார்த்தால் திருட்டு மென்பொருளோடு வந்த கிரிப்டோ சுரங்கம், அதாவது யாருக்கோ டிஜிட்டல் நாணயம் சம்பாதித்துக் கொடுக்கும் புரோகிராம், உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் உடையவரின் சம்மதம் ஒன்றுதான்.

வீட்டிலும் அப்படித்தான். பில் கட்டுகிறவருக்குத் தெரிந்து செய்யுங்கள். மென்பொருளை அந்தந்தத் திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். பிராசஸரில் பாதி அளவுக்குக் கட்டுப்படுத்தி வையுங்கள். லேப்டாப் என்றால் பேட்டரிக்கு மாறியதும் அதுவே நிறுத்திக்கொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டிய மேசைக் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் போனதே தெரியாது. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும், உள் அறையில் அப்பாவின் மின்விசிறி நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். அந்த பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து மாற்றிவிடுங்கள். போட்ட கணக்கு அவ்வப்போது சேமிக்கப்படும் என்பதால் திடீரென்று அணைந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை.

2011-இலிருந்து அரசு கொடுத்த இலவச லேப்டாப்களைத் தூசி தட்டி இதற்குப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். இழுக்கும் மின்சாரத்துக்கு அவை போடும் கணக்கு மிகக் குறைவு, பலவற்றில் பேட்டரியும் உப்பியிருக்கும். பேட்டரியை மாற்றி, தட்டச்சு பழக ஏதாவது ஒரு பிள்ளையிடம் கொடுங்கள்.

கல்லூரிகள் செய்ய வேண்டும் என்றே விரும்புகிறேன். முதல்வர் கையெழுத்தோடு, எந்த லேப், எத்தனை மணி நேரம், எத்தனை யூனிட் என்று அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டுவிட்டுச் செய்யட்டும். மதுரையில் எந்தக் கல்லூரி அப்படித் தொடங்கினாலும் அத்தனை பெட்டிகளையும் திறந்து, தூசி ஊதி, பிராசஸருக்குச் சூடு கடத்தும் பேஸ்ட் புதிதாக வைத்துத் தருகிறேன். கூலி வேண்டாம், பேஸ்ட் காசு மட்டும் கொடுத்தால் போதும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டும் கூப்பிடாதீர்கள். அக்னி நட்சத்திர வெயிலில் நாற்பது பெட்டி ஓடும் லேபுக்குள் ஏ.சி.யும் போட வேண்டிவரும், அப்புறம் இந்தக் கணக்கெல்லாம் முதலிலிருந்து போட வேண்டும்.