ரசீது இல்லாத அரிசி

ஞாயிற்றுக்கிழமை நம் குழுவில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்டும் ஊர் சுற்றி வந்துவிட்டது. அதனால் முழுக்கதையும் சொல்லப்போவதில்லை. பர்மாவில் (இன்றைய மியான்மர்) தாய்லாந்து எல்லையோரம் சண்டையில் வீடிழந்த கரேன் இன மக்களுக்கு அரிசி வாங்க நாம் சேர்த்த பணம், தாய்லாந்து எல்லையிலிருந்து காட்டு வழியாகச் சுமந்துபோய்க் கொடுக்கிறவர்களிடம் போகக் கூடாதாம். "முறையான வழியில்", அதாவது மியான்மர் அரசின் அனுமதியோடு, போக வேண்டுமாம். குழுவில் ஓர் அண்ணன் எழுதினார். காரணம், ரசீது. பதினேழு பேர் கட்டைவிரல் தூக்கிவிட்டார்கள். நல்லது.

நான் கேட்பது ஒன்றுதான். அந்த முறையான வழி யார் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறது?

பர்மா ராணுவத்துக்கும் கரேன் படைகளுக்கும் 1949 முதல் சண்டை. 1960களில் ராணுவம் ஒரு திட்டம் போட்டது, பெயரே 'நான்கு வெட்டு'. எதிராளிக்குப் போகிற உணவு, பணம், தகவல், ஆள் நான்கையும் வெட்டுவது. நடைமுறையில் அதற்கு என்ன பொருள் என்றால், ஊரைக் கொளுத்துவது, நெற்களஞ்சியத்தை எரிப்பது, வயலுக்குப் போகும் பாதையில் கண்ணிவெடி வைப்பது. சோற்றை வெட்டுவதுதான் போர்முறையே. இப்போது நம் அண்ணன் சொல்கிறார், அந்தச் சோற்றை வெட்டியவரின் அனுமதி வாங்கிக்கொண்டு சோறு போடுவோம், ரசீது கிடைக்கும் என்று. கிடைக்கும், அண்ணா. சீல் வைத்தே கிடைக்கும்.

முறையான வழி எப்படி இருக்கும் என்று பார்த்தாகிவிட்டது. 2024 மார்ச்சில் தாய்லாந்து, தன் எல்லை நகரமான மே சொட் வழியாகப் பத்து லாரிகளில் 4,000 நிவாரணப் பைகள் அனுப்பியது. கொடி, கேமரா எல்லாம் இருந்தது. எல்லையில் அவற்றை வாங்கிக்கொண்டது மியான்மர் செஞ்சிலுவைச் சங்கம். ராணுவ ஆட்சி விடுகிற இடத்துக்குத்தான் அது போக முடியும். மூன்று ஊர்களுக்குப் பைகள் போயின. வாங்கியவர்களும் பசித்தவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் 2021 மார்ச் முதல் விமானக் குண்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும் கரேன் பகுதியான முத்ரோ மாவட்டம் அந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? குண்டு போடுகிறவர் கையில்தானே பட்டியல்.

2008 நர்கீஸ் புயலை நினைத்துப் பாருங்கள். ஐராவதி டெல்டாவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் சுமார் 1,38,000 பேர். அந்த டெல்டாவிலும் கரேன்கள் நிறைய. நிவாரணம் ஏற்றிய வெளிநாட்டுக் கப்பல்கள் கடலில் வாரக்கணக்கில் அனுமதிக்குக் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போயின. உள்ளே ராணுவம் அரசியல் சட்ட வாக்கெடுப்பு நடத்திக்கொண்டிருந்தது. அதுவும் முறையான வழிதான்.

சரி, ரசீதுக்கு வருகிறேன். இதை எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

2018-இல் மே சொட்டில் ஒரு சின்ன நிவாரண அமைப்பில் நான்கு மாதம் கணக்கு எழுதினேன். ராணுவத்துக்கும் கரேன் அமைப்புக்கும் 2015-இல் போர்நிறுத்தம் கையெழுத்தாகி மூன்று வருடம்கூட முடியவில்லை. ராணுவம் ரோடு போடுகிறேன் என்று முத்ரோவுக்குள் வர, லுத்தோ பக்கம் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மறுபடி காட்டுக்குள் போனார்கள். அங்கே அரிசி கொடுத்துவிட்டு ஒரு பெரியவர் கணக்கோடு வந்தார். பிளாஸ்டிக் உறையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு. ஈரத்தில் மை ஊதாவாகக் கசிந்திருந்தது. குடும்பம் 1, ஆறு பேர். குடும்பம் 2, நான்கு பேர். பெயர் இல்லை, ஊர் இல்லை, கைரேகை இல்லை. நான் திருப்பிக் கொடுத்தேன். ஆமாம், நான்தான். நன்கொடையாளர் ஏற்க மாட்டார், பெயரும் கைரேகையும் வேண்டும் என்றேன். ஏதோ என் காசு மாதிரி கறாராக.

அவர் கோபப்படவில்லை. மொழிபெயர்ப்பவரிடம் மெதுவாகச் சொன்னார்: வழியில் ராணுவத்திடம் இந்த நோட்டு சிக்கினால், யார் எங்கே ஒளிந்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிடும். அவ்வளவுதான் சொன்னார். என் மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்று மாலை அந்த வவுச்சரில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்காகத் திட்டும் வாங்கினேன்.

"அரிசி ஆயுதக் குழுவுக்குப் போகாதா?" என்று ஒருவர் கேட்கிறார். கொஞ்சம் போகலாம். ஊரில் பாதி வீட்டில் ஒரு பையன் துப்பாக்கியோடு இருக்கிறான், அவன் அம்மா அவனுக்குச் சோறு போடுவாள். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. ஆனால் ராணுவத்தின் வழியாகப் போனால் ஆயுதக் குழுவுக்குப் போகாது என்று நம்புகிறீர்களே, அந்த நம்பிக்கைக்கு ஒரு கும்பிடு.

"எல்லை ஆற்றைத் தாண்டித் தாய்லாந்து அகதி முகாமுக்கு வந்துவிடலாமே" என்பது இன்னொருவர். 2021-இல் அந்தச் சால்வீன் ஆற்றைத் தாண்டியவர்களைத் தாய்லாந்து திருப்பி அனுப்பியது. தாண்டி நிலைத்தவர்கள் மட்டும் என்ன கண்டார்கள்? ஒன்பது முகாம்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர். அவர்களுக்கு அட்டை உண்டு, பட்டியல் உண்டு, ரசீதும் உண்டு. அமெரிக்க நிதி நின்றதும் 2025 ஜூலையோடு அவர்களில் பெரும்பாலானோருக்கு உணவு உதவி நிறுத்தப்பட்டது. அதன் பிறகுதான் வெளியே வேலைக்குப் போகவே அனுமதி வந்தது.

"நம் ஊரில் பசி இல்லையா, கரேன் நமக்கு என்ன உறவு?" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. என் ஆத்தா பர்மாவில் மோல்மீனில் பிறந்தவர். கரேன் மாநிலத்துக்குப் பக்கத்து ஊர். 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது எங்கள் கடையும் போனது. கடைக்கு ஒரு ரசீது கொடுத்தார்கள். பர்மிய எழுத்து, வட்டச் சீல், எல்லாம் முறைப்படி. அதை ஆத்தா தகரப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்து, சாகும்வரை வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காயவைப்பார். ஒரு பைசா வந்ததில்லை. கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம் அவர்களுக்கு அரிசி கொடுத்தது அக்கம்பக்கத்துக் கரேன் வீடு. அவர்கள் ரசீது கேட்கவில்லை, அண்ணா.

கோபத்தில் எழுதுகிறேன் என்பீர்கள். ஆமாம். பதினேழு பேரில் நான்கு பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

என் பங்கு 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். நானே அனுப்பிக்கொள்கிறேன். பொருளாளர் ரசீது எண் கேட்டிருக்கிறார். தேடிக்கொண்டிருக்கிறேன்.