மழை மேல் பழி போடாதீர்கள்

நுவரெலியாவில் கழிவுநீர்த் தாங்கியின் சுவர் வெடித்தது பற்றி நேற்று வந்த விளக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். "கடும் மழையால் சுவர் வெடித்தது." விசாரணை அவ்வளவுதான். இன்று காலை அதே சுவருக்குச் சாந்து பூசுகிறார்கள்.

நுவரெலியாவில் மழை பெய்வது புதினமா? முதலில் ஆராயுங்கள், அப்புறம் பூசுங்கள்.

வெடித்த சுவரின் படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சுவர் நன்றாக இருக்கிறது. அதற்கு மேலே, மூடிக்கு அடியில்தான் சீமெந்து போய்க் கல் துருத்திக்கொண்டு நிற்கிறது, கம்பி தெரிகிறது. மழை அப்படி அரிக்காது. காற்றுப் படாத கழிவில் பக்டீரியாக்கள் ஐதரசன் சல்பைட்டை உண்டாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு மேலே ஈரச் சுவரில் சேர, அங்குள்ள வேறு பக்டீரியாக்கள் அதைச் சல்பூரிக் அமிலமாக்கும். அமிலம் பட்ட சீமெந்து ஜிப்சம் என்ற மெதுவான பொருளாகி, விரலால் சுரண்டினாலே வரும். ஒரு இரவில் நடக்கிற காரியமில்லை அது.

"படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறாயா?" என்பீர்கள். அதனால்தானே சுவரிலிருந்து உருளையாக ஒரு துண்டு, அதாவது கோர், வெட்டச் சொல்கிறேன்! வெட்டிய துண்டில் பினோல்ப்தலீன் என்ற நிறங்காட்டிக் கரைசலைத் தெளித்தால் நல்ல கொங்கிரீட் இளஞ்சிவப்பாகும், கெட்டது நிறம் மாறாது. நீர் தேக்கும் கொங்கிரீட் கட்டடங்களுக்கான பழைய பிரித்தானியத் தரம் பி.எஸ். 8007 சொன்ன நீர்ச் சோதனையைக் கட்டி முடித்தபோது செய்தார்களா? தாங்கியை நிரப்பி ஊறவிட்டு, பிறகு 7 நாள் தண்ணீர் மட்டத்தைப் பார்க்கவேண்டும். 10 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கக்கூடாது. அந்தப் பதிவு எங்கே?

மழைக்கும் பங்கு இருக்கலாம், சரி. நனைந்த மண் சுவரைத் தள்ளும். அப்படியென்றால் சுவருக்குப் பின்னால் வடிகால் ஏன் இல்லை?

எனக்கு உண்மையில் வலித்தது ஒரு பின்னூட்டம். "தோட்டத்து ஆட்கள் கட்டினால் இப்படித்தான்." என் அப்பா லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில், பிறந்த மேசன். கலவை இளகி வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கொந்தராத்துக்காரர் தண்ணீர் ஊற்றச் சொன்னபோது, "கூடுதல் தண்ணி கொங்கிரீட்டைக் கெடுக்கும் ஐயா" என்று தாச்சியைக் கீழே வைத்தவர். மறுநாள் அவருக்கு வேலையில்லை. தண்ணீர் ஊற்றச் சொன்னவரை யாரும் கேட்கவில்லை. இன்றும் கலவை சுமந்தவன் தலையில்தான் பழி. வரைபடத்தில் கையெழுத்து வைத்தவர், மேற்பார்வை செய்தவர், மூடியைத் திறந்தே பார்க்காதவர், இவர்கள் யாருக்கும் பெயரே இல்லையா?

பூச்சை நிறுத்துங்கள். பூசிவிட்டால் சாட்சியும் சேர்ந்து மூடிப்போகும். கோர் முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் கீழ் லயங்களுக்குக் கொடுங்கள். தாங்கிக்குக் கீழே உள்ள ஓடையில்தான் அங்குள்ளவர்கள் குளிக்கிறார்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. திங்கட்கிழமை விண்ணப்பம் கொடுக்கிறேன், கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.