தமிழ்நாட்டில் எமர்ஜென்சி: பாதிதான் சரி

"எமர்ஜென்சி தணிக்கையெல்லாம் டெல்லிக்காரங்க பிரச்சினை, தமிழ்நாட்டை அது தொடவே இல்லை"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். 1975 ஜூன்ல இந்திரா காந்தி அரசு எமர்ஜென்சியை (நெருக்கடி நிலை) கொண்டுவந்த பிறகு, முதல் ஏழு மாசத்துக்கு வேணும்னா இது ஓரளவு பொருந்தும். பத்திரிகைத் தணிக்கை நாடு முழுக்க இருந்தாலும், எமர்ஜென்சியை எதிர்த்த தி.மு.க. ஆட்சியில இருந்ததால வடக்கே நடந்த மாதிரி கூட்டம் கூட்டமா கைது இங்க நடக்கலை.

1976 ஜனவரி 31-ல மத்திய அரசு தி.மு.க. ஆட்சியைக் கலைச்சுது. அதோட நிலைமை தலைகீழ். மு.க. ஸ்டாலின் உட்பட நூற்றுக்கணக்கானவங்க மிசாவுல (விசாரணையே இல்லாம சிறையில வைக்கிற சட்டம்) சிறைக்குப் போனாங்க. யார் யார் கைதானாங்கன்னு செய்தி போடக்கூட தணிக்கை விடலை. அதுக்கு தி.மு.க. நாளிதழான முரசொலி செஞ்ச வேலைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். 'அண்ணா நினைவிடத்துக்கு மலர் வளையம் வைக்க வர இயலாதவர்கள்'னு மாவட்டவாரியா பெயர்ப் பட்டியல் போட்டாங்க. அஞ்சலிச் செய்திதானேன்னு அதிகாரிகளும் விட்டுட்டாங்க. படிச்சவங்களுக்குப் புரிஞ்சுது, உள்ள இருக்கிறது யாருன்னு.

சென்னை மத்தியச் சிறையில அடி வாங்கின முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில இறந்தே போனார். இதுக்குப் பேரு 'தொடவே இல்லை'யா?