தடைக்காலத்து மீன் விலை

தரங்கம்பாடியில் கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் ராஜ வீதியை அடைத்துக்கொள்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்; மீன் விலையைத்தான் பொறுக்க முடியவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாது என்பது கிழக்குக் கடற்கரை முழுவதற்குமான தடை (மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் அதில் எனக்குக் குறையொன்றுமில்லை). ஆனால் கரையோரத்தில் ஃபைபர் படகுகள் கொண்டுவரும் கொஞ்சநஞ்ச மீனையும், பேரம் பேசத் தெரியாத வெளியூர்க்காரர்கள், வெயில் ஏறுவதற்கு முன்பே சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கண் குழிந்து, செவுள் வெளிறிப்போன ஐஸ் மீன்தான் உள்ளூர்க்காரர்களின் கூடைக்கு மிஞ்சுகிறது. அதற்கும் அன்று பிடித்த மீனின் விலையையே சொல்லிவிட்டு, கட்டுப்படியாகவில்லை என்றால் கருவாடு வாங்கிக்கொள்ளுங்கள் என்று மீன்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.