குடும்பம் திரும்பும்போது எந்த ஊர் என்பதை, அங்கே இருக்கப் போகிறவர் சொல்லட்டும்

வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் குடும்பங்களில் எல்லாரும் ஒன்றாகத் திரும்புவது அபூர்வம். பிள்ளை ஏழாவதோ எட்டாவதோ முடித்ததும் மனைவியும் பிள்ளைகளும் முதலில் ஊருக்கு வருகிறார்கள். கணவர் இன்னும் சில வருடங்கள் அங்கேயே இருந்து சம்பாதிக்கிறார். இந்த ஏற்பாட்டில் எந்த ஊரில் குடியேறுவது என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த ஊரில் இருக்கப் போகாத ஆள். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆறு மணிக்கு எழுந்து பிள்ளையைக் கிளப்பி, தண்ணீர் வந்ததா என்று பார்த்து, நடுராத்திரியில் காய்ச்சல் என்றால் ஆட்டோ தேடப் போகிற பெண்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர் சொல்லும் ஊர் கணவருக்குப் பிடித்ததாக இல்லாவிட்டாலும்.

நாங்கள் ஷார்ஜாவில் இருந்தோம். என் கணவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். நானும் பிள்ளைகளும் திருச்சியில் இருக்கிறோம்.

திரும்பி வரும் காரணத்தை நாம் எப்போதும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. சவூதியில் 2017 ஜூலையில் உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் என்று ஆரம்பித்தார்கள். வருடா வருடம் ஏற்றி 2020இல் அதை 400 ரியால் ஆக்கினார்கள். மனைவி, மூன்று பிள்ளைகள் என்றால் மாதம் 1,600 ரியால். ஒரு சாதாரண மேற்பார்வையாளர் சம்பளத்தில் அதைக் கட்டிவிட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், சாப்பாடு என்று எப்படிச் சமாளிப்பது? எங்களுக்குத் தெரிந்த எத்தனையோ குடும்பங்கள் தம்மாமிலிருந்தும் ரியாத்திலிருந்தும் அந்த வருடங்களில் அவசரமாகக் கிளம்பின. பிறகு கொரோனா. 2020 மே மாதம் மீட்பு விமானங்கள் ஓடத் தொடங்கியபோது பெட்டியைக் கட்டியவர்களுக்கு எந்த ஊர் என்று யோசிக்கவே நேரமில்லை. எங்கே சாவி இருந்ததோ அங்கே போனார்கள்.

அவசரம் இல்லாதவர்கள்கூட அதே சாவியைப் பின்தொடர்கிறார்கள் என்பதுதான் என் கவலை. பெரும்பாலும் அது இரண்டில் ஒன்றாக இருக்கும்: மாமியார் வீட்டுச் சாவி, அல்லது எப்போதோ வாங்கிப் போட்ட மனையின் பத்திரம்.

மனையை முதலில் சொல்கிறேன். துபாய், ஷார்ஜா பக்கம் நம் ஊர் வீட்டுமனைக் கண்காட்சிகள் நடக்கும். கூடுவாஞ்சேரி, ஒரகடம், படப்பை என்று வரைபடத்தைக் காட்டுவார்கள். விமான நிலையத்துக்கு இவ்வளவு தூரம், வரப்போகும் சாலைக்கு இவ்வளவு தூரம் என்பார்கள். விடுமுறையில் வந்து ஒரு மதியம் பார்த்துவிட்டு வாங்குகிறோம். முதலீடாக அதில் தப்பே இல்லை. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளில் பதிவு செய்யக்கூடாது என்று 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்ட பிறகு, நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கும் பழக்கமும் நம்மவர்களிடம் வந்துவிட்டது. ஆனால் வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதும், பதினாலு வயதுப் பெண் மாலை டியூஷன் முடிந்து அந்தத் தெருவில் நடந்து வர முடிவதும் வேறு வேறு. சுற்றிலும் காலி மனை, பாதி எரியும் தெருவிளக்கு, மளிகைக் கடைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். இப்படிப்பட்ட இடத்தில் வீட்டைக் கட்டி மனைவியையும் பிள்ளைகளையும் வைத்துவிட்டு அபுதாபிக்கு விமானம் ஏறுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மனை அங்கேயே இருக்கட்டும், விலை ஏறட்டும். அதற்காக அங்கே போய் வாழ வேண்டியதில்லை.

சென்னையே வேண்டும் என்பவர்களிடம் ஒன்று கேட்பேன். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் அந்தக் குடியிருப்பில் மே மாதம் தண்ணீர் எப்படி வருகிறது, டிசம்பர் மாதம் எப்படி வருகிறது? 2019 ஜூனில் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நாள்கணக்கில் காத்திருந்த நகரம் அது. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியதையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கத்து அடுக்குமாடிகளில் பல இன்றைக்கும் லாரித் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. கணவனும் மனைவியும் சேர்ந்து இருக்கும் வீட்டில் இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஒருவர் மோட்டாரைப் பார்ப்பார், ஒருவர் பிள்ளையைப் பார்ப்பார். ஒரே ஆள் இரண்டையும் பார்க்க வேண்டிய வீட்டுக்குக் கணக்கே வேறு. கணவருக்கு ஆறு மாதத்தில் சென்னையில் வேலை உறுதி என்றால் சரி, போங்கள். இல்லையென்றால் சென்னையை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்தது மாமியார் வீடு. இதை எழுதுவது கஷ்டம், ஆனால் எழுதியாக வேண்டும்.

என் கணவரின் ஊர் பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில். அத்தையும் மாமாவும் என்னை நன்றாகவே வைத்துக்கொண்டார்கள், இன்றும் அப்படித்தான். வீடு பெரியது, தோப்பு இருக்கிறது, வாடகை கிடையாது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "சொந்த வீடு இருக்கும்போது எதுக்கும்மா வாடகை?" கேள்வியில் நியாயம் இருக்கிறது. வயதானவர்களுக்குத் துணை வேண்டும், பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வேண்டும். நானும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். பெரிய வைத்தியம் என்றால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போக வேண்டும். அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 108 வரும், வந்தாலும் அந்த 50 கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் பக்கம் தென்னை மொத்தமும் சாய்ந்தது. மின்கம்பங்கள் விழுந்து உள்ளூர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அதைத் தாங்கி எழுந்த மக்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. ஷார்ஜாவில் அடுக்குமாடியில் வளர்ந்த இரண்டு பிள்ளைகளை முதல் வருடமே அங்கே தனியாக நான் நடத்த முடியுமா என்பது வேறு கேள்வி.

இன்னொன்றும் உண்டு. பல வருடம் தனிக்குடித்தனமாக வாழ்ந்த பெண், கணவன் பக்கத்தில் இல்லாமல், நாற்பது வயதில் மறுபடியும் மருமகளாகக் கூட்டுக்குள் நுழைவது சின்ன விஷயம் இல்லை. எங்கே போகிறாள், எப்போது வருகிறாள், யாரோடு போனில் பேசுகிறாள் என்று தெருவே கணக்கு வைக்கும். கணவன் வெளிநாட்டில் இருக்கும் பெண்ணை நம் ஊர்கள் பார்க்கும் பார்வை நமக்குத் தெரியும், அதைப் பற்றி வெளியே பேசுவதில்லை, அவ்வளவுதான். கணவன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். "அம்மா இருக்காங்க, உனக்கென்ன குறை" என்ற ஒரு வரியில் இதை முடித்துவிடாதீர்கள். அத்தை மாமாவிடமிருந்து இரண்டு மூன்று மணி நேரத் தொலைவில் இருங்கள், மாதம் ஒருமுறை போய் வாருங்கள், பள்ளி விடுமுறை முழுக்க அங்கேயே இருங்கள், அவர்களுக்கு மருத்துவமனை வேலை வந்தால் உங்கள் வீட்டில் வந்து தங்கட்டும். எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். மாமாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்தபோது எங்களோடுதான் இருந்தார். அப்போது அத்தையே சொன்னார், "நல்லவேளை நீ டவுன்ல இருக்க" என்று.

தஞ்சாவூரையும் நினைத்துப் பார்த்தோம். அத்தை வீட்டுக்கு இன்னும் பக்கம். ஆனால் அங்கே இருப்பது விமானப்படைத் தளம். ஷார்ஜாவிலிருந்து வருகிறவர் எப்படியும் திருச்சியில்தான் இறங்க வேண்டும். கணவருக்குக் கிடைப்பது குறைந்த விடுமுறை. அதில் கொஞ்சத்தைச் சாலையில் தொலைப்பதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஈத் விடுமுறைக்குக்கூட அவரால் வந்துபோக முடிகிறதென்றால் அது நேரடி விமானத்தால்தான். 2024 ஜூனில் புது முனையம் செயல்படத் தொடங்கிய பிறகு கூட்டத்திலும் கொஞ்சம் மூச்சுவிட முடிகிறது. கோவைக்காரர்களுக்கு ஷார்ஜா விமானம் அங்கேயே இருக்கிறது, நாகர்கோவில்காரர்களுக்குத் திருவனந்தபுரம் பக்கம். அப்பாவை அடிக்கடி பார்க்கிற பிள்ளைக்கும், வருடத்துக்கு ஒருமுறை மட்டும் பார்க்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் கண்ணால் பார்க்கிறேன்.

அப்புறம் போக்குவரத்து. வளைகுடாவில் நம் பெண்கள் பலர் வண்டி ஓட்டிப் பழகவில்லை. சவூதியிலோ 2018 ஜூன் வரை பெண்கள் கார் ஓட்ட அனுமதியே கிடையாது. அங்கிருந்து வருகிறவரை, ஸ்கூட்டர் இல்லாமல் ஒரு பால் பாக்கெட்கூட வாங்க முடியாத இடத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். நாங்கள் உறையூரில் வீடு பார்த்ததற்கு இதுவே காரணம். தில்லை நகர் பக்கத்தில், அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு டாக்டர். காய்கறி, மருந்துக் கடை, தையல் எல்லாம் நடக்கிற தூரம். சத்திரம் பேருந்து நிலையம் போக டவுன் பஸ். 2021இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது பணத்தைவிட வேறொரு வகையில் எனக்கு உதவியது. யாரிடமும் கேட்காமல் கிளம்பி ஊரைச் சுற்றிப் பழகினேன்.

திருச்சியில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஏப்ரல், மே வெயில் ஷார்ஜாவை நினைவுபடுத்தும், அங்கேயாவது எல்லா அறையிலும் ஏசி. படித்த பெண்ணுக்குத் தகுந்த வேலை கிடைப்பது சென்னையைப்போலச் சுலபம் இல்லை. வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று நினைக்கும் பெண் இதை முதலில் எடை போட வேண்டும், கோவை அவருக்குப் பொருத்தமாக இருக்கலாம்.

பள்ளி விஷயத்தில் ஊரைவிட நேரம்தான் பெரிது. வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் ஏப்ரலில் வகுப்பைத் தொடங்கிவிட்டு ஜூலை, ஆகஸ்டில் கோடை விடுமுறை விடுகின்றன. அந்த விடுமுறையில் ஊருக்கு வந்து இடம் தேடினால், இங்கே ஜூனிலேயே எல்லாம் நிரம்பியிருக்கும். ஜனவரியிலேயே பேசிவிடுங்கள். சிபிஎஸ்இயில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு ஒன்பதிலும், பன்னிரண்டுக்குப் பதினொன்றிலும் பதிவு நடந்துவிடும். ஆகவே பத்திலும் பன்னிரண்டிலும் பள்ளி மாற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. மாநிலப் பாடத்திட்டத்துக்கு மாற்ற நினைத்தால் இன்னும் முன்னாலேயே வர வேண்டும். 2006இல் வந்த சட்டப்படி பத்தாவது வரை தமிழ் கட்டாயம். அங்கே இந்தியும் அரபியும் படித்த பிள்ளை எட்டாவதில் வந்து செய்யுள் பகுதியைப் பார்த்தால் மிரண்டு போகும். என் மகளுக்கு எங்கள் தெருவிலேயே ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் கிடைத்தார். நடந்து போகிற தூரத்தில் இப்படி ஒருவர் இருப்பார் என்று எந்தக் கண்காட்சி வரைபடத்திலும் போட்டிருக்காது.

முதல் ஒரு வருடம் வாடகைக்கே இருங்கள். ஒரு கோடை, ஒரு ஐப்பசி மழை, ஒரு பள்ளி ஆண்டு பார்த்த பிறகு வாங்குவதா கட்டுவதா என்று பேசலாம். சேமிப்பைக் கல்லிலும் மண்ணிலும் போட்டுவிட்டு ஊர் பிடிக்கவில்லை என்றால், மனதில் இருப்பதை வெளியே சொல்லக்கூட முடியாமல் போகும்.

அந்த வாடகை ஒப்பந்தத்தை மனைவி பெயரில் போடுங்கள். சமையல் எரிவாயு இணைப்பும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். பள்ளியிலும் வங்கியிலும் முகவரிச் சான்று கேட்கும்போது அவர் கையில் அவர் பெயரிலேயே ஏதாவது இருக்க வேண்டும். கணவர் பெயரில்தான் வேண்டும் என்றால், அவர் கையெழுத்துக்காக அங்கிருந்து பவர் பத்திரம் எழுதி, தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்பி, அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டி என்று ஒரு வேலை கூடுதலாக வந்து சேரும். அட்வான்ஸ் எவ்வளவு, மோட்டார் ரிப்பேர் யார் செலவு, எப்போது காலி செய்வது என்பதையெல்லாம் வீட்டுக்காரரிடம் அவரே நேரில் உட்கார்ந்து பேசட்டும். அடுத்த வருடம் குழாய் உடைந்தால் வீட்டுக்காரர் கூப்பிட வேண்டியதும் அவரைத்தான்.