போகிறவனைத் திட்டாதீர்கள், சேர்த்துக்கொள்கிறவர்களைக் கேளுங்கள்

நேற்று இரவு எங்கள் கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "துரோகி" என்று ஒற்றைச் சொல்லை எழுதி, இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டார். அதற்குள் பாதிப் பேர் படித்துவிட்டோம். அந்தச் சொல் யாரைக் குறிக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பையனுக்கு 24 வயது. என் மகனுக்கு இரண்டு ஆண்டுகள், அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டான கேலிக் (Gaelic) கால்பந்து சொல்லிக்கொடுத்தவன். டப்ளினில் உள்ள ஒரு கிளப்புக்கு மாற விண்ணப்பித்திருக்கிறான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

இரவு முழுவதும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அயர்லாந்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகச் சில வரிகள். கேலிக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், காலால் உதைக்கலாம். பக்கத்துக்கு 15 பேர். கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் ஒரு பாயிண்ட் (2025 முதல், 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்தால் இரண்டு), கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 பாயிண்ட். 1884-இல் தர்லஸ் ஊரில் தொடங்கிய ஜி.ஏ.ஏ. (கேலிக் தடகளச் சங்கம்) இதை நடத்துகிறது. டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் 82,000 பேர் கூடிப் பார்ப்பார்கள். அவர்கள் முன்னால் ஆடுகிறவருக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை இறுதிப் போட்டியில் ஆடியவர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துவார், பண்ணையில் மாட்டுக்குத் தீவனம் வைப்பார்.

கிளப் என்பதும் நாம் நினைக்கிற கிளப் அல்ல. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் 'பங்கு' என்கிறார்களே, கோவிலும் அதைச் சுற்றிய ஊர்களும், பெரும்பாலும் அதுதான் கிளப்பின் எல்லை. எந்தப் பங்கில் பிறந்து வளர்ந்தாயோ அதுவே உன் அணி. தேர்ந்தெடுக்கிற வேலையே இல்லை. அப்பா ஆடிய அதே சட்டையை மகன் போடுவான், தாத்தா பெயர் பொறித்த பெஞ்சில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டுவான்.

என் மனைவியின் செவிலியர் வேலைக்காக மேற்கே ஒரு சிறிய ஊருக்கு வந்தபோது எங்களுக்கு யாரையும் தெரியாது. பள்ளியில் யாரோ சொல்லி, மகனை ஒரு சனிக்கிழமை காலை மைதானத்தில் கொண்டுபோய் விட்டேன். மழைத் தூறல். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் சிறு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கோணலாகிவிட்ட இடத்தில் நின்று, பின்னால் போய் ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மறுபடி போட்டார். பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் ஆடப்போகிற பயிற்சி ஆட்டத்துக்கு! அவருக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நாற்பது ஆண்டுகளாகச் செய்கிறார் என்று பிறகு தெரிந்தது. இப்போது வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சட்டைகள் துவைக்கிறோம். எங்கள் முறை வரும் வாரத்தில் கொடியில் 1 முதல் 20 வரை எண் போட்ட சட்டைகள் வரிசையாகக் காயும். அப்போது இந்த ஊரில் எனக்கும் வேர் விட்டிருக்கிறது என்று தோன்றும்.

ஆகவே, ஒரு பையன் கிளப்பை விட்டுப் போகிறான் என்றால் இங்கே ஏன் வயிறு எரிகிறது என்பது எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆறு வயதிலிருந்து அவனைக் காரில் ஏற்றிப் போனவர்கள் இருக்கிறார்கள். அவனுக்காக மழையில் நின்றவர்கள் இருக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது போலத்தான் ஓர் ஆட்டக்காரன் உருவாகிறான். வேலையை மாற்றிக்கொள்வது போல இதைச் சொந்த விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் அந்தப் பையனின் வாரத்தையும் பாருங்கள். டப்ளினில் வேலை, டப்ளினில் அறை. செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்ததும் இரண்டேகால் மணி நேரம் கார் ஓட்டி வருவான். பயிற்சி முடிந்து அதே இரவு திரும்புவான். போன குளிர்காலத்தில் ஒரு நாள், பெட்ரோல் நிலையத்தில் கார் இருக்கையில் அப்படியே தூங்கிப்போனதாகவும், கண் விழித்தபோது காலை நான்கு மணி என்றும் என்னிடம் சொன்னான். "ஓட்டும்போது தூங்கவில்லையே, அதுவே போதும்" என்றான். மூன்று ஆண்டுகள் இப்படி ஓட்டியிருக்கிறான். இவனையா துரோகி என்கிறீர்கள்? வேலையும் கல்லூரியும் தலைநகரில் குவிந்து கிடப்பதற்கு இவனா பொறுப்பு? ஊரில் வாடகைக்கு ஒரு வீடு கிடைப்பதில்லையே, அதற்கு இவனா பொறுப்பு?

இந்த விவாதம் சூடு பிடிக்கும்போதெல்லாம் இரண்டு பெயர்களை எதிரெதிரே நிறுத்துகிறார்கள். 2022 ஜூலையில் கவுண்டி அணிகளின் அகில அயர்லாந்து இறுதிப் போட்டி (கவுண்டி என்பது நம் மாவட்டம் போல; அதன் கிளப்புகளில் சிறந்தவர்கள் கவுண்டி அணிக்கும் ஆடுவார்கள்). கெர்ரி, கால்வேயை வென்றது. கால்வேயின் ஷேன் வால்ஷ் மட்டும் 9 பாயிண்ட், கெர்ரியின் டேவிட் கிளிஃபோர்ட் 8 பாயிண்ட். அன்று அந்த இருவரையும் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில வாரங்களில் வால்ஷ் தன் ஊர்க் கிளப்பான கில்கெரின்-க்ளோன்பெர்னை விட்டு, தெற்கு டப்ளினின் கில்மகட் க்ரோக்ஸுக்கு மாறினார். டப்ளினில் இருந்துகொண்டு ஊருக்குப் போய்வருவது முடியவில்லை என்பது காரணம். கிளிஃபோர்ட் கில்லார்னி ஏரிக்கரையில் உள்ள ஃபாஸா என்ற சிற்றூரின் கிளப்பிலேயே இருந்தார். 2023 ஜனவரியில், ஒரு வார இடைவெளியில், இருவருமே க்ரோக் பார்க்கில் கோப்பை வென்றார்கள். ஃபாஸா கீழ்நிலையான ஜூனியர் பிரிவில் வென்றது. கில்மகட் வடக்கே டெர்ரியின் கிளென் அணியைத் தோற்கடித்து சீனியர் பட்டத்தை எடுத்தது. கடைசி நிமிடங்களில் கில்மகட் பக்கம் ஆள் கூடுதலாக நின்ற சர்ச்சையைப் பற்றி இன்று பேச விரும்பவில்லை.

அன்றிலிருந்து ஒருவர் உத்தமர், மற்றவர் கோப்பைக்காகப் போனவர் என்று முத்திரை குத்திவிட்டார்கள். இது அநியாயம். கிளிஃபோர்டின் ஊர்ப்பற்றை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் அவர் கெர்ரியிலேயே ஆசிரியர். அதைவிட முக்கியமானது, கெர்ரியில் உள்ள ஏற்பாடு. அங்கே சிறிய கிளப்புகளின் ஆட்டக்காரர்கள் ஒன்றுசேர்ந்து வட்டார அணியாக, கவுண்டியின் சீனியர் கிளப் சாம்பியன்ஷிப்பில் ஆடலாம். ஃபாஸாவை விட்டு அங்குலம்கூட நகராமல், கிழக்குக் கெர்ரி அணிக்காக கிளிஃபோர்ட் உயர்மட்டப் போட்டிகளில் ஆடி வென்றிருக்கிறார். விசுவாசமாக இருப்பதற்கு அங்கே வழி செய்து வைத்திருக்கிறார்கள். வழியே இல்லாத இடத்தில் ஒருவன் போய்விட்டால், அவன் குணத்தில் குறை காண்பது என்ன நியாயம்?

போனவர்கள் எல்லோரும் ஒரே காரணத்துக்காகப் போனதும் இல்லை. கில்டேர்காரரான லாரி டாம்கின்ஸ் 1980-களில் நியூயார்க்கில் வேலை பார்த்தவர். விமானக் கட்டணம் தொடர்பாகத் தன் கவுண்டி நிர்வாகத்தோடு மனக்கசப்பு வந்தது. அங்கே பழகிய மேற்குக் கார்க் நண்பர்கள் மூலம் காசில்ஹேவன் கிளப்புக்கு வந்தார். அங்கேயே வாழ்ந்தார். 1990-இல் கார்க் அணி அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது கேப்டன் அவர்தான். ஒரு விமான டிக்கெட்டில் கில்டேர் இழந்தது எவ்வளவு! ஆட்டக்காரனிடம் விசுவாசம் கேட்கிற நிர்வாகம், தானும் அவனிடம் விசுவாசமாக இருந்ததா என்று நினைத்துப் பார்க்க வேண்டாமா?

மறுபக்கம், 2012-இல் நடந்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது. கவன் கவுண்டியின் ஷானி ஜான்ஸ்டன், சொந்தக் கவுண்டி அணியிலிருந்து நீக்கப்பட்டபின் கில்டேருக்கு மாறினார். புதிய கவுண்டியில் கிளப் சாம்பியன்ஷிப் ஆட்டம் ஒன்றிலாவது ஆடியிருக்க வேண்டும் என்ற விதிக்காக, கால்பந்து ஆட்டக்காரரான அவரை, மட்டையால் ஆடும் ஹர்லிங் என்ற வேறொரு விளையாட்டின் போட்டியில் கொஞ்ச நேரம் களமிறக்கினார்கள். பிறகு கவனின் சொந்த மைதானத்திலேயே கவனுக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக இறங்கி ஒரு பாயிண்ட் எடுத்தார். தன் ஊர்க்காரர்களின் கூச்சலைக் கேட்டுக்கொண்டு ஆடிய அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். ஓர் ஆட்டக்காரனைப் பெறுவதற்காக விதியை அந்த அளவுக்கு வளைக்கலாம் என்று முடிவு செய்த பெரியவர்கள் மேல்தான் என் கோபமெல்லாம்.

என் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் போகிறவனின் காரணத்தைக் கேட்கிறோம், முகவரியைக் கேட்கிறோம், சாட்சி கேட்கிறோம். சேர்த்துக்கொள்கிற கிளப்பை ஒரு வார்த்தை கேட்பதில்லை. கில்மகட் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் உள்ள கிளப். வால்ஷ் வருவதற்கு முன்பே, 2022 பிப்ரவரியில், கிளப்புகளின் அகில அயர்லாந்து இறுதிவரை வந்து கில்கூ அணியிடம் கூடுதல் நேரத்தில் தோற்ற அணி. அந்தக் கிளப்புக்கு இன்னொரு நட்சத்திரம் தேவையா என்று அந்தக் கிளப்தான் தன்னைக் கேட்டிருக்க வேண்டும். டப்ளினில் பங்கு எல்லை விதியும் கிடையாது. யார் எந்தக் கிளப்பிலும் சேரலாம். அப்படியிருந்தால் நல்ல ஆட்டக்காரன் பெரிய கிளப்புக்குத்தான் போவான், தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல.

ஜி.ஏ.ஏ. விதிகளில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று உண்டு. ஆட்டக்காரன் எங்கே ஆடினாலும் தன் சொந்தக் கிளப்புக்குக் கடமைப்பட்டவன், அங்கே திரும்பி வரும் உரிமை அவனுக்கு எப்போதும் உண்டு என்பது அதன் சாரம். நம் குழுவில் கத்துகிறவர்கள் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியையும் படியுங்கள். 24 வயதில் போகிறவன் 30 வயதில் மனைவி, குழந்தைகளோடு திரும்பி வரலாம். அவன் குழந்தையும் இந்த மைதானத்தில்தான் ஆடும். இன்று அவனைத் துரோகி என்று சொல்லிவிட்டால், அன்று எந்த முகத்தோடு வரவேற்பீர்கள்?

கிளப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டம் அடுத்த மாதம். அங்கே நிறைவேறும் தீர்மானம் கவுண்டி மாநாட்டுக்குப் போகும், அங்கும் தேறினால் காங்கிரஸ் எனப்படும் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குப் போகும். நான் ஒரு தீர்மானம் எழுதியிருக்கிறேன், இரண்டே வரி. கவுண்டி விட்டுக் கவுண்டி மாறுகிறவர், தான் வசிக்கும் இடத்துக்கு மிக அருகில் உள்ள கிளப்பில்தான் சேர வேண்டும். அவரைச் சேர்த்துக்கொள்கிற கிளப், ஓர் ஆண்டுக்கு மாதம் ஒருமுறை அவருடைய பழைய கிளப்பின் சிறுவர்களுக்குத் தன் செலவில் பயிற்சியாளரை அனுப்ப வேண்டும். பணம் புழங்காத விளையாட்டில் இழப்பை உழைப்பால்தானே ஈடு செய்ய முடியும்?

வழிமொழிய ஒருவர் வேண்டுமே என்று தயங்கிக்கொண்டிருந்தேன். இன்று காலை மைதானத்தில், கோடு போடும் பெரியவரிடம் தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார். பேனா கேட்டார். நனைந்த வண்டிக் கைப்பிடியின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, 45 மீட்டர் கோட்டைப் போடப் போய்விட்டார்.