ஆப் இருந்தால் டாக்டர் வேண்டாம் என்பது தவறு

"தினமும் கால் மணி நேரம் போனில் மூளைப் பயிற்சி செய்தால் மறதி நோய் வராது, டாக்டரிடம் போகத் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிவிடாதீர்கள்.

இப்படி ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக எழுந்த வழக்கில்தான், மூளைப் பயிற்சி ஆப் நடத்தும் லுமோசிட்டி நிறுவனம் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

பயிற்சியே வீண் என்று நான் சொல்லவில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆன 2,800-க்கும் அதிகமானோர் பங்கேற்ற 'ஆக்டிவ்' ஆய்வில், வேகப் பயிற்சியின் (பார்ப்பதைச் சட்டென்று கவனித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி) பலன் பத்து ஆண்டுக்குப் பிறகும் தெரிந்தது. அந்தப் பயிற்சி பெற்றவர்களிடம் மறதி நோய் குறைவாக இருந்ததாக 2017-ல் ஒரு அலசலும் வந்தது. ஆனால் நினைவாற்றல் பயிற்சியின் பலன் அதுவரை நிற்கவில்லை. அதோடு, அந்த ஆய்வின் பயிற்சிகள் பயிற்றுநர் முன்னிலையில் நடந்தன, ஏதோ ஒரு ஆப்பில் அல்ல.

ஜோடி அட்டைகளைக் கண்டுபிடிக்கும் விளையாட்டில் ஸ்கோர் ஏறும். காலை மாத்திரையைப் போட்டோமா என்ற குழப்பம் அதனால் தீராது. அந்தக் குழப்பத்துக்கு பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்கமின்மை, சாப்பிடும் வேறு மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே மாதங்களை ஓட்டிவிட்டால் அந்த வாய்ப்பு போய்விடும். முதலில் டாக்டரைப் பாருங்கள், காது கேட்கும் திறனையும் சோதியுங்கள். பிடித்திருந்தால் ஆப்பையும் ஆடுங்கள்.